ஊர் வீட்டு டிவிக்கு எது சரி: கேபிளா, டிடிஎச்சா, ஓடிடியா?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை. கையில் இருக்கும் மொபைலில் மூன்று நான்கு ஓடிடி ஆப்கள். தங்கியிருக்கும் அறையில் டிவியே கிடையாது. இருந்தாலும் அதற்கு கேபிள் இணைப்பு கிடையாது. ஆனால், ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் மாதாமாதம் கேபிள் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. "இன்னும் எதுக்கும்மா கேபிளு? கட் பண்ணிட்டு நெட் போட்டுடலாம்" என்பது பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் பலர் சொல்லும் வசனம்.

சொல்வது சுலபம். செய்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில், சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கும் கீழ்பென்னாத்தூரையே எடுத்துக்கொள்வோம். தாலுகா தலைமையிடம், பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் கிராமங்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: உள்ளூர் கேபிள், மொட்டை மாடியில் டிஷ் வைக்கும் டிடிஎச், மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், பிராட்பேண்ட் வழியாக ஓடிடி. எது லாபம், எது வசதி, எதில் சிக்கல்?

கேபிள் வந்த வழி

தமிழ்நாட்டில் கேபிள் டிவிக்கு முப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியது. அதன் பிறகு தெருத்தெருவாக கேபிள் வயர் ஓடியது. 2006-ல் திமுக அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியதும், டிவியே பார்க்காத வீடுகளுக்கும் 14 அங்குல பெட்டி வந்து சேர்ந்தது. டிவி வந்தால் அடுத்து கேபிள் வேண்டும். 2007-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் அதிமுக ஆட்சியில் அதற்கு மறுபடி உயிர் கொடுக்கப்பட்டு, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரப்பட்டது.

பிறகு டிஜிட்டல் வந்தது. 2017-ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட்டாப் பாக்ஸ்கள் வீடு வீடாகப் போயின. 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை நாடு முழுக்க அமலுக்கு வந்தது. "பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு" என்பதுதான் அதன் அடிப்படை. அரசு கேபிள் கட்டணம் அந்த வருடம் ஏறியது. 2019 ஆகஸ்டில் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் எனக் குறைக்கப்பட்டது.

இதற்கு நடுவே இன்னொரு அலையும் வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ அதே வருடம் டிசம்பரிலும் இந்தியாவுக்குள் வந்தன. 2020-ல் ஊரடங்கு காலத்தில் 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' ஆகிய படங்கள் தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடியில் வெளியானபோது, தமிழ்க் குடும்பங்களுக்கு ஓடிடி புதிதான ஒன்றாக இல்லாமல் போனது.

விளைவு, டிராய் புள்ளிவிவரத்திலேயே தெரிகிறது. நாட்டில் கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடி. 2025 மார்ச்சில் அது சுமார் 5.7 கோடி. ஒரே வருடத்தில் ஏறக்குறைய 50 லட்சம் இணைப்புகள் குறைந்திருக்கின்றன.

கேபிள் பில்லில் என்ன இருக்கிறது?

கேபிள், டிடிஎச் இரண்டிலும் பில் மூன்று துண்டுகளால் ஆனது. முதலாவது, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். இதில் இலவச சேனல்கள் அடங்கும். இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, 18% ஜிஎஸ்டி.

அடிப்படைக் கட்டணத்துக்கு டிராய் முன்பு உச்சவரம்பு வைத்திருந்தது: 200 சேனல்கள் வரை 130 ரூபாய், அதற்கு மேல் 160 ரூபாய். 2024 ஜூலையில் செய்த திருத்தத்தில் இந்த வரம்பு நீக்கப்பட்டது. இப்போது நிறுவனங்களே தொகையை முடிவு செய்யலாம். எனவே ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் கட்டணம் வேறு வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. விசாரிக்காமல் கட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சேனல் விலையில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது. ஒரு சேனலைப் பேக்கில் சேர்க்க வேண்டுமானால் அதன் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது 2022 நவம்பர் திருத்தம். பேக்கே வேண்டாம், வேண்டிய சேனல்களை மட்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் ஆப்பரேட்டர் போட்டுவிட்ட பேக்தான் ஓடுகிறது. தெலுங்கு, இந்தி, ஆங்கில சேனல்கள் என யாருமே பார்க்காதவை அதில் நிறைய இருக்கும். அதை ஒருமுறை உட்கார்ந்து களையெடுத்தாலே பில் இறங்கும்.

ஓடிடி பில்லில் என்ன இருக்கிறது?

இங்கே பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஓடிடிக்கு இரண்டு பில். ஒன்று ஆப்புக்கு, இன்னொன்று இணையத்துக்கு.

ஆப் கட்டணத்தை முதலில் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, டிவியில் பார்க்கக்கூடிய, விளம்பரத்துடன் வரும் 'சூப்பர்' பிளான் மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், வருடத்துக்கு 899 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அமேசான் பிரைம் வருட சந்தா 2021 டிசம்பரில் 1,499 ரூபாய் ஆனது. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் விலையைக் குறைத்தது: மொபைலுக்கு மட்டும் 149 ரூபாய், டிவியிலும் பார்க்க 199 ரூபாயிலிருந்து 649 ரூபாய் வரை, எல்லாமே மாதக் கணக்கு. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறக்கூடியவை. காசு கட்டும் முன் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"காசு கட்டினால் விளம்பரம் இருக்காது" என்பதும் பழைய கதை. 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வருகிறது. வேண்டாம் என்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

இணையச் செலவு அடுத்து. ஃபைபர் பிராட்பேண்டில் குறைந்தபட்ச பிளான்கள் 400 ரூபாயை ஒட்டித் தொடங்குகின்றன. ஜியோவின் 399 ரூபாய் பிளான், ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ரூபாய். விளம்பரத்தில் தெரிவது 399, வங்கிக் கணக்கிலிருந்து போவது 471.

சரி, கணக்குப் போடலாமா?

ஒரு வீட்டில் கேபிளுக்கு மாதம் 250 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நான்கு விதமாகக் கணக்குப் போடலாம்.

கேபிள் மட்டும்: வருடத்துக்கு 3,000 ரூபாய்.

கேபிளைக் கட் செய்துவிட்டு, புதிதாக பிராட்பேண்ட் போட்டு இரண்டு ஓடிடி: பிராட்பேண்டுக்கு சுமார் 5,650 ரூபாய், ஜியோஹாட்ஸ்டார் 899, பிரைம் 1,499. மொத்தம் 8,048 ரூபாய். மாதம் 199 ரூபாய் நெட்ஃபிளிக்ஸும் சேர்த்தால் 10,436 ரூபாய்.

ஏற்கெனவே பிராட்பேண்ட் உள்ள வீட்டில் கேபிளைக் கட் செய்து அதே இரண்டு ஓடிடி: கூடுதல் செலவு 2,398 ரூபாய்தான். கேபிளைவிட 602 ரூபாய் மிச்சம்.

கேபிளும் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ள பிராட்பேண்டில் ஒரே ஒரு ஓடிடியை ஒரு சீசனுக்கு மட்டும்: 3,000 கூட்டல் 299. மொத்தம் 3,299 ரூபாய்.

இந்தக் கணக்கில் தீர்ப்பைச் சொல்வது ஆப் கட்டணம் இல்லை, பிராட்பேண்ட் தான். ஒர்க் ஃப்ரம் ஹோம், பிள்ளைகள் படிப்பு, கடை வேலை என ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டில் ஏற்கெனவே நெட் இருந்தால் ஓடிடி மலிவு. டிவி பார்ப்பதற்காக மட்டும் நெட் போட்டால், செலவு கேபிளைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்க முடியாதா?

பலர் கேட்கும் கேள்வி. எச்டி தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும், சாதாரண தரத்தில் 1 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை என்பது நெட்ஃபிளிக்ஸே சொல்லும் அளவு. தினமும் 2 ஜிபி தரும் ரீசார்ஜில் எச்டி படம் 40 நிமிடம்தான் ஓடும். இடைவேளை வருவதற்கு முன்பே டேட்டா காலி. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை உயர்த்திய பிறகு, டேட்டா ஆட்-ஆன் போட்டு டிவி பார்ப்பது கட்டுப்படியாகாது.

வேகம் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே-வுக்கு 15. ஆகவே 30 எம்பிபிஎஸ் பிளானே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். "100 எடுத்துக்குங்க சார்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

அடுத்த கேள்வி, ஃபைபர் உங்கள் தெருவுக்கு வருகிறதா? தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வருவது வேறு, உங்கள் வீட்டு வாசல் வரை வருவது வேறு. பேருந்து நிலையம் பக்கம் இணைப்பு கிடைக்கும், இரண்டு கி.மீ. தள்ளி கொல்லைமேட்டில் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்ட இடங்களுக்கு 5ஜி சிக்னலைப் பிடித்து வைஃபையாகத் தரும் ஏர்ஃபைபர் சேவைகள் வந்திருக்கின்றன. ஜியோ இதை 2023 செப்டம்பரில் தொடங்கியது. 599 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற ஆரம்ப பிளானிலேயே டிவி சேனல்களும் பத்துக்கும் மேற்பட்ட ஓடிடி ஆப்களும் சேர்ந்து வந்தன. உங்கள் வீட்டு மாடியில் 5ஜி சிக்னல் எப்படி என்பதை முதலில் போனில் பார்த்துக்கொள்வது நல்லது.

சீரியல் எங்கே, மேட்ச் எங்கே?

கேபிளில் சன், விஜய், ஜீ தமிழ் மூன்றும் ஒரே ரிமோட்டில். ஓடிடியில் அப்படி இல்லை. சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-ல். மாலை ஏழு மணிக்கு ஒரு சேனல், எட்டுக்கு இன்னொன்று, ஒன்பதுக்கு மற்றொன்று என்று பார்க்கும் வீட்டுக்கு மூன்று ஆப், மூன்று சந்தா. சீரியல் குடும்பங்களுக்கு கேபிள்தான் இன்றும் மலிவு.

செய்தி மட்டும் பார்ப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பெரும்பாலான தமிழ்ச் செய்தி சேனல்கள் கேபிளில் இலவச வகையைச் சேர்ந்தவை. யூடியூபிலும் நேரலையாக ஓடுகின்றன. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு அண்ணாமலையார் மலையில் மகா தீபம் ஏற்றுவதையும் டிவியிலும் யூடியூபிலும் நேரலையில் பார்க்கலாம்.

சினிமா ரசிகர்களுக்கு ஓடிடிதான். பெரும்பாலான தமிழ்ப் படங்கள் தியேட்டரில் வந்து நான்கு வாரத்தை ஒட்டி ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. டிவி சேனலில் வர அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில்தான் குழப்பம் அதிகம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமே! 2023, 2024 சீசன்களை ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தவர்கள், 2025-ல் முழுப் போட்டிக்கும் சந்தா அல்லது அது சேர்ந்த ரீசார்ஜ் தேவை என்ற நிலையைப் பார்த்தார்கள். இன்னொரு விஷயம், இணையம் வழியாக வரும் நேரலை, டிவியைவிடச் சில நொடிகள் பின்தங்கியே வரும். பக்கத்து வீட்டில் "சிக்ஸ்ஸ்" என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் பவுலர் ஓடி வருவார்.

காசே இல்லாத வழி

டிடி ஃப்ரீ டிஷ் பற்றி இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பரில் தொடங்கிய இந்த அரசு சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கி மாட்டினால் போதும். டிடி தமிழ் (2024 ஜனவரி வரை 'டிடி பொதிகை') உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்கள் வரும். ஆனால் தனியார் தமிழ்ச் சேனல்கள் இதில் மிகக் குறைவு. சன், விஜய் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2007-ல் வந்த சட்டப்படி, இந்திய ஆண்கள் அணி சொந்த மண்ணில் ஆடும் ஒருநாள், டி20 போட்டிகள் போன்ற முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும். ஆனால், 2017-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த அலைவரிசையிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் வரும். தனியார் கேபிள், டிடிஎச் வழியாக வராது.

ரிமோட் யார் கையில்?

கணக்கு எல்லாம் ஒருபக்கம். பணத்தைவிடப் பெரிய கேள்வி இதுதான்: அந்த டிவியைத் தினமும் பார்ப்பது யார்?

பணம் கட்டுவது வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ. பார்ப்பது வீட்டிலேயே இருக்கும் அம்மாவும் ஆயாவும். ஆயாவுக்கு ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்தினால் தன் சேனல் வரும் என்பது மனப்பாடம். புது ஸ்மார்ட் டிவியில் வைஃபை கனெக்ட் ஆக வேண்டும், ஆப் அப்டேட் கேட்கும், "யார் பார்க்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கும், திடீரென்று லாக் அவுட் ஆகி ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி வருவதோ சென்னையில் மீட்டிங்கில் இருக்கும் மகனின் போனுக்கு. "போனைப் போட்டு அவனை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. பில்லில் மாதம் கொஞ்சம் மிச்சம்; பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவருக்கு இருந்த ஒரே துணை போச்சு.

மாற்றவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. யூடியூபில் குரல் தேடலைக் கற்றுக்கொண்டு பழைய பாட்டு, பக்திச் சொற்பொழிவு, சமையல் என்று தேடித்தேடிப் பார்க்கும் பெரியவர்களும் நிறையப் பேர். கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

ரிப்பேர் என்றால் யாரிடம் சொல்வது?

கேபிளில் பிரச்சினை என்றால் தெரிந்த ஆப்பரேட்டருக்கு ஒரு போன். வண்டியை எடுத்துக்கொண்டு வருவார், வயரைச் சரிசெய்வார். கையில் காசு இல்லாத மாதம், "அடுத்த வாரம் வாங்கிக்கப்பா" என்றால் கேட்டுக்கொள்வார். ஆட்டோபே அப்படிக் கேட்காது.

அதற்காக கேபிளில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் மென்பொருளில் ஏற்பட்ட சிக்கலால் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பு நின்றது. உள்ளூர் ஆப்பரேட்டரால் அதற்கு எதுவும் செய்ய முடியவில்லை. டிடிஎச்சில் கனமழை பெய்தால் சிக்னல் போகும். ஃபைபரில் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். இன்வெர்ட்டரோ சிறிய யுபிஎஸ்ஸோ தேவைப்படும்.

ஓடிடி விலையை டிராய் கட்டுப்படுத்துவது இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். உள்ளடக்கம் பற்றிய புகாரை 15 நாளில் முடிக்க வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான பிரிவிலிருந்து பெற்றோர் பூட்டு வசதியும் கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் நாளே அந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

சந்தாப் பணம் தவறாகப் பிடிக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "ஓராண்டு ஓடிடி இலவசம்" என்று வரும் லிங்க்கைத் தொட்டுப் பணம் போனால் உடனே 1930.

மாறும் முன் இதைச் செய்யுங்கள்

ஒரு வாரம் கவனியுங்கள். வீட்டில் யார், எந்த நேரம், எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் பட்டியல் ஐந்தாறு சேனலைத் தாண்டாது.

டிவியின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக் போதும், புது டிவி தேவையில்லை. பழைய டப்பா டிவியாக இருந்தால் கேபிளே தொடரட்டும். புதிதாக வாங்குவதாக இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதை நினைவில் வையுங்கள்.

சந்தாவை மொத்தமாக வாங்காதீர்கள். ஐபிஎல் சீசனுக்கு ஒன்று, அது முடிந்ததும் நிறுத்திவிட்டு இன்னொன்று என்று மாற்றி மாற்றி எடுக்கலாம். ஆட்டோபே பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் பார்த்ததும் வேண்டாததை ரத்து செய்யுங்கள்.

பாஸ்வேர்டைப் பகிர்ந்து சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சென்னை அறையில் ஒன்று, ஊர் வீட்டில் ஒன்று என்று ஒரே நெட்ஃபிளிக்ஸ் கணக்கைப் பகிர்வது 2023 ஜூலையிலிருந்து முடியாது. பிரைமிலும் 2025 ஜனவரி முதல் ஐந்து சாதனங்கள், அதில் டிவி இரண்டு மட்டுமே என்று வரம்பு வந்துவிட்டது.

கடைசியாக, கேபிளை உடனே கட் செய்யாமல் இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். அந்த இரண்டு மாதத்துக்கு ஆகும் கூடுதல் செலவு 500 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். செட்டாப் பாக்ஸில் தூசி படிந்திருந்தால் தாராளமாக கட் செய்யலாம். தினமும் மாலை அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அந்த இணைப்பை யாரோ விரும்புகிறார்கள் என்று பொருள்.

சுருக்கமாகச் சொன்னால், நெட் ஏற்கெனவே இருக்கும், இளையவர்கள் இருக்கும், படம் பார்க்கும் வீட்டுக்கு ஓடிடி. சீரியல் பார்க்கும், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, வேண்டாத சேனல்களைக் கழித்த கேபிள் அல்லது டிடிஎச். இரண்டு தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், கேபிளோடு ஒரே ஒரு ஓடிடி. முடிவெடுக்கும் முன், ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.